இடைநிலை ஆங்கிலச் சொற்களை மறக்காமல் படிப்பது எப்படி? ஆத்தூர் மாணவிக்கு ஒரு விரிவான பதில்

ஆத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் சேலம் வந்து இளங்கலை வணிகவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர் தமிழ்வழியில் படித்தவர். தமிழ்ப் பொருளுடன் ஆயிரம் இடைநிலைச் சொற்கள் அச்சிட்ட ஒரு பட்டியலைப் பல மாதங்களாக மனப்பாடம் செய்து வருகிறார். திங்கட்கிழமை ஒப்பித்த சொல் சனிக்கிழமைக்குள் மறந்துபோகிறது. மறக்காமல் நிற்கும் சில சொற்களையும் வாக்கியத்தில் வைத்துப் பேசவோ எழுதவோ வருவதில்லை. தவறு பட்டியலிலா, தன் ஞாபகசக்தியிலா, ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்க வேண்டும் என்று கேட்கிறார். தமிழ்வழி மாணவர்களுக்குச் சேலத்தில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் ஞாபகசக்தியில் எந்தக் குறையும் இல்லை. பட்டியலும் அவ்வளவு மோசமானதாக இருக்காது. ஒரு ஆங்கிலச் சொல், அதற்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல் என்று இரண்டை மட்டும் இணைத்து உருப்போடும் முறைதான் இடைநிலைக்கு வந்ததும் கைகொடுக்க மறுக்கிறது. தொடக்க நிலையில் அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. மேசை, மழை, தண்ணீர், ஓடு, தூங்கு போன்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் ஏறத்தாழ ஒரே எல்லை உண்டு. இடைநிலைச் சொற்களுக்கு அப்படி இல்லை.

இடைநிலை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் உள்ளன. நடுவில் இருக்கும் பி1, பி2 ஆகிய இரண்டையும்தான் இடைநிலை என்கிறார்கள். சொற்கணக்கில் பார்த்தால், மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறக்குறைய 2000 தலைச்சொற்களைக் கொண்டது. அவர் அன்றைய வங்காளத்தில், டாக்காவில் கல்விப் பணியாற்றி, அங்குள்ள மாணவர்கள் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுவதை நேரில் ஆராய்ந்தவர். ஆகவே நம்மைப் போன்றவர்களின் சிக்கலிலிருந்துதான் அந்தத் தேடலே தொடங்கியது என்று சொல்லலாம். அந்த 2000க்கு அப்பால், பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். கல்விசார் எழுத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று என்ற அளவில் இந்த 570க்குள் அடங்கிவிடுகிறது. கல்லூரி மாணவியான உங்களுக்கு ஆயிரம் சொல் கொண்ட ஏதோ ஒரு பட்டியலைவிட இந்த 570 அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. இணையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். அந்த 570இன் கடைசிப் பகுதியில் வருகிற ரிலக்டன்ஸ் என்ற சொல்லும், அதன் பெயரடையான ரிலக்டன்ட் என்பதும் உங்கள் பட்டியலிலும் இருக்கும். எதிரே 'தயக்கம்', 'தயங்குகிற' என்று போட்டிருப்பார்கள். ஹெசிடன்ட் என்ற சொல்லுக்கும் எதிரே அதே 'தயங்குகிற' இருக்கும். இரண்டையும் ஒப்பித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்குத்தான் எவரும் வருவார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பழைய பாக்கியைத் தீர்க்காத வியாபாரிக்கு மறுபடியும் கடனுக்குச் சரக்குக் கொடுக்கத் தயங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனத்தில் குழப்பம் ஏதும் இல்லை. கொடுக்க அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். அவர் ரிலக்டன்ட். அதே தெருவிலிருந்து முதன்முதலாக வங்கிக் கடன் கேட்கப் போன ஒரு பெண், எந்தக் கவுன்டரில் கேட்பது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாசலில் தயங்கி நிற்கிறார். அவருக்குக் கடன் வாங்க மனம் முழுக்க இருக்கிறது; நிச்சயமின்மைதான் அவரை நிறுத்துகிறது. அவர் ஹெசிடன்ட். தமிழில் 'தயக்கம்' இரண்டையும் தாங்குகிறது. நாம் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் பெரும்பாலும் இவற்றைப் பிரித்தே பேசுகிறது.

ரிலக்டன்ட் என்பதைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் தெரிந்தால்தான் அது உங்கள் கைக்கு வரும். அதன் பின்னால் 'டு' வந்து, அதன்பின் வினைச்சொல் வரும்: ரிலக்டன்ட் டு லெண்ட், ரிலக்டன்ட் டு சைன், ரிலக்டன்ட் டு லீவ். அதன் வினையடையான ரிலக்டன்ட்லி, 'அக்ரீ' என்ற வினையோடு அடிக்கடி சேர்ந்து வரும். மனமில்லாமல் ஒத்துக்கொண்டார் என்று நாம் சொல்லும் இடம் அது. பொருள், எல்லை, பின்னால் வரும் அமைப்பு, கூட வரும் துணைச்சொல் ஆகிய நான்கும் தெரிந்த பிறகு அந்தச் சொல்லை நீங்கள் தேட வேண்டியதில்லை. பேசும்போது அதுவாகவே வந்து நிற்கும். ஒப்பிக்கும் பட்டியல் இந்த நான்கில் முதலாவதைத் தருகிறது, அதையும் பாதிதான் தருகிறது.

துணைச்சொல் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். சேலம் சந்திப்பில் ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் வரும் ஆங்கில அறிவிப்பு உங்கள் காதில் பலமுறை விழுந்திருக்கும்: 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்.' இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று இடைநிலைச் சொற்கள் இருக்கின்றன. இன்கன்வீனியன்ஸ் என்பது சிரமம். பெரிய துன்பத்தை அது குறிக்காது, வேலை கெடும் அளவுக்கான இடைஞ்சலையே குறிக்கும். ரிக்ரெட் என்பது வருத்தம் தெரிவிப்பது. நேரில் பேசுவதைவிடக் கடிதத்திலும் அறிவிப்பிலும் அதிகம் வரும் முறையான சொல். நடுவில் இருக்கும் காஸ் என்ற வினைதான் கவனிக்க வேண்டியது. 'ஏற்படுத்து', 'காரணமாகு' என்று பட்டியல் சொல்லும். ஆனால் ஆங்கிலத்தில் இந்த வினை பெரும்பாலும் கெட்டதோடுதான் சேரும்: காஸ் டேமேஜ், காஸ் டிலே, காஸ் ட்ரபிள், காஸ் பெயின். தமிழில் நாம் 'என் வெற்றிக்குக் காரணம் என் அம்மா' என்று நிறைவோடு சொல்கிறோம். அதை அப்படியே காஸ் போட்டு ஆங்கிலத்தில் எழுதினால், இலக்கணம் சரியாக இருந்தும் படிப்பவருக்கு நெருடும். அங்கே 'ஐ ஓ மை சக்சஸ் டு மை மதர்' என்பார்கள். டீப்லி என்ற வினையடையும் அப்படித்தான். ரிக்ரெட், கன்சர்ன்ட், கிரேட்ஃபுல் ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும், டீப்லி ஹேப்பி என்று சொல்லும் வழக்கம் குறைவு. நடைமேடையில் காத்திருக்கும் நேரத்தில் ஒரு அறிவிப்பைக் கேட்டு இவ்வளவு கற்கலாம்.

அடுத்தது, ஒரே சொல் பல இடங்களில் பல பொருளில் வருவது. ஸ்டீப் என்ற சொல்லுக்கு உங்கள் பட்டியல் 'செங்குத்தான' என்று எழுதியிருக்கும். அந்தப் பொருளை நம்பி, நேராக நிமிர்ந்து நிற்கும் சுவரையும் ஸ்டீப் என்று எழுதிய விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீப் என்பது சரிவுக்கு உரிய சொல். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பேருந்து முதல் கியருக்கு இறங்கி முனகுகிறதே, அந்த ஏற்றம் ஸ்டீப். அங்கிருந்து அது விலைவாசிக்குப் போகிறது: வெள்ளி விலை கிடுகிடுவென ஏறினால் ஸ்டீப் ரைஸ், மளமளவெனச் சரிந்தால் ஸ்டீப் ஃபால், கடைக்காரர் அநியாய விலை சொன்னால் ஸ்டீப் பிரைஸ். வணிகவியல் மாணவிக்கு மலைச்சரிவைவிட இந்த மூன்று தொடர்களும்தான் அதிகம் எதிர்ப்படும். ரா என்பதும் இந்த வகை: ரா மேங்கோ என்றால் மாங்காய், ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ரா மெட்டீரியல், அலசிப் பார்க்காத கணக்கு விவரங்கள் ரா டேட்டா. எல்லாவற்றுக்கும் அடியில், இன்னும் பக்குவப்படுத்தப்படாதது என்ற ஒரே கருத்து ஓடுகிறது. அகராதியில் எட்டுப் பொருள் வரிசையாக இருந்தால் எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அவற்றுக்கு அடியில் ஓடும் கருத்தைக் கண்டுபிடித்தால் போதும், மற்றவை தாமே வந்து சேரும்.

பட்டியல் தரும் தமிழ்ப் பொருளே நமக்குப் புதிதாக இருப்பது இன்னொரு தொல்லை. ரிசிலியன்ஸ் என்பதற்கு 'மீள்திறன்' என்று போட்டிருக்கும். மீள்திறன் நல்ல கலைச்சொல்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ பேருந்திலோ யாரும் அதைச் சொல்லிக் கேட்டிராத நிலையில், தெரியாத ஒன்றுக்குத் தெரியாத இன்னொன்றை விடையாக உருப்போடுகிறீர்கள். இரண்டும் சேர்ந்தே மறந்துபோவதில் வியப்பில்லை. 'எத்தனை அடி பட்டாலும் மறுபடி எழுந்து நிக்கிற தெம்பு' என்று உங்கள் பேச்சுத் தமிழிலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது அழகாகவோ சுருக்கமாகவோ இருக்க வேண்டிய தேவை இல்லை. உங்களுக்கு உடனே புரிந்தால் போதும். ஆங்கிலம் படிக்கும்போது தமிழையே நினைக்கக் கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. புதிய சொல்லின் பொருளை முதன்முதலில் பிடித்துக்கொள்ளத் தாய்மொழியைவிட விரைவான வழி இல்லை. அங்கேயே நின்றுவிடாமல் வாக்கியத்துக்கு நகர வேண்டும் என்பதே முக்கியம்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. நம் அன்றாடத் தமிழில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன; அவற்றில் பல இடைநிலைச் சொற்களே. இது பெரிய முதலீடு, ஆனால் சில இடங்களில் பொருள் விலகியிருக்கும். 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறோம். அங்கே அது ஒப்புதல். நாளிதழின் வெளிநாட்டுச் செய்தியில் ஒரு நாட்டின் மீது சாங்ஷன்ஸ் விதித்தார்கள் என்று வந்தால் அது தடை. ஒரே சொல் ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு பொருளைச் சுமக்கிறது. வணிகவியல் படிப்பவருக்கு இரண்டும் வேண்டும். 'டியூ கட்டணும்' என்பதில் தவணையாக இருக்கும் டியூ, டியூ டு என்று வந்தால் 'காரணமாக' என்றாகிறது. ரயில் ஆறு மணிக்கு டியூ என்றால் வரவேண்டிய நேரத்தைச் சொல்கிறது. 'சார், ஒரு டவுட்' என்று வகுப்பில் நாம் கேட்பது உண்மையில் கேள்வி; மற்ற நாட்டவர் காதில் டவுட் என்பது நம்பிக்கையின்மையாக ஒலிக்கும். 'ரொம்ப ஃபீல் பண்ணினான்' என்பதில் நாம் வருத்தத்தை மட்டும் குறிக்கிறோம்; ஆங்கிலத்தில் ஃபீல் தனியாக நிற்காது, என்ன உணர்வு என்று பக்கத்தில் சொல்லியாக வேண்டும். நீங்கள் தினமும் பேசும் தமிழிலிருந்தே இத்தகைய சொற்களைத் தனிப்பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றையும் அகராதியில் சரிபாருங்கள். புதிதாக உருப்போடும் எந்தப் பட்டியலையும்விட இது விரைவாகப் பலன் தரும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வாசிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். உங்கள் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்துதான் இருக்க வேண்டும். கடைக்குக் கொண்டுபோகும் பை, முதுகு, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்றுக்கும் உரிய மூன்று வெவ்வேறு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'பேக்' என்றே வரும். நம் எழுத்துமுறை நம் மொழியின் ஒலிகளுக்காக அமைந்தது. ஆங்கிலத்தின் வல்லின வேறுபாடுகளைக் காட்டுவது அதன் வேலை அன்று. அழுத்தமும் அப்படியே. இகானமி என்பதில் 'கா' அழுத்தம் பெறும். எகனாமிக் என்பதில் அழுத்தம் 'னா'வுக்கு நகரும். இகானமிஸ்ட் என்று பொருளாதார அறிஞரைச் சொல்லும்போது மீண்டும் 'கா'வுக்கே வரும். எல்லா அசையையும் ஒரே அளவில் உச்சரிக்கும் பழக்கத்தால், தெரிந்த சொல்லையே காதில் கேட்கும்போது அடையாளம் காண முடியாமல் போகிறது. கைப்பேசி அகராதிகளில் ஒலிபெருக்கிப் பொத்தான் இருக்கிறது. புதிய சொல் ஒவ்வொன்றையும் கேட்டு, உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

இகானமி குடும்பத்தைச் சொன்னதால் இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன்: எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. ஒரு சொல்லைப் படிக்கும்போது அதன் குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் உழைப்பில் நான்கு கிடைக்கும். விகுதி சேர்த்துச் சொல்லை வளர்ப்பது தமிழருக்குப் பழகிய வேலைதான். ஆனால் முன்னொட்டை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. மதிப்பிடவே முடியாத அளவு உயர்ந்தது என்பதே அதன் பொருள்.

மறதிக்கு வருவோம். ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட தம் ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் மிக வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று கண்டார். ஆகவே திங்கட்கிழமை படித்ததைச் சனிக்கிழமை திரும்பப் பார்ப்பது மிகத் தாமதம். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் இதற்கு எளிய ஏற்பாடு ஒன்றைப் பரப்பினார். சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, தடுப்புகள் கொண்ட பெட்டியில் வைக்க வேண்டும்; சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் முதல் தடுப்புக்கே திரும்பும்; பின்னால் உள்ள தடுப்புகளை எப்போதாவது பார்த்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டினால் அட்டைக்குக் காசு செலவில்லை. ஆத்தூர் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு கட்டைப் புரட்டி முடித்துவிடலாம்.

அட்டையை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பது மிக முக்கியம். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைச் சொல்லும் பயிற்சி வாசிப்பதற்கு உதவும். பேசவும் எழுதவும் வேண்டுமானால் தமிழ்ப் பொருளைப் பார்த்து ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பிழையின்றி எழுத வேண்டும். நீங்கள் இதுவரை முதலாவதை மட்டும் செய்து வந்திருப்பதால்தான் தெரிந்த சொல் வாக்கியத்தில் வர மறுக்கிறது. ஒரு பக்கத்தில் சொல்லும் அதை நீங்கள் பார்த்த வாக்கியமும், மறுபக்கத்தில் உங்கள் தமிழ் விளக்கமும் இருக்கட்டும். அதன் கீழே உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒன்றைப் பற்றிய ஒரு வாக்கியத்தை அந்தச் சொல்லை வைத்து எழுதுங்கள். மழையில் கல்லூரிக்குக் கிளம்ப மனமில்லாமல் இருந்த காலையை ரிலக்டன்ட் என்ற சொல்லோடு ஒருமுறை எழுதினால் அது எளிதில் மறக்காது.

எத்தனை சொல் என்று கேட்டீர்கள். நாளைக்கு ஆறு, வாரத்தில் ஐந்து நாள். மீதி இரண்டு நாளும் பழையதைத் திரும்பப் பார்க்க மட்டும். வாரத்துக்கு 30 என்றால் 50 வாரத்தில் 1500. நாளைக்கு ஐம்பது என்று தொடங்குபவர்கள் இரண்டாம் வாரத்திலேயே திரும்பப் பார்க்க வேண்டிய அட்டைகளின் குவியலைக் கண்டு சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த ஆறு சொற்கள் எங்கிருந்து வர வேண்டும் என்றால், நீங்கள் வாசிப்பதிலிருந்து வர வேண்டும். நியூசிலாந்தின் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவலையும் நாளிதழையும் பிறர் உதவியின்றி வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை. அதாவது நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் ஆறு சொல் தெரியாவிட்டால் பரவாயில்லை, இருபது தெரியாவிட்டால் அந்தப் பக்கம் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தொடங்கினால் களைத்துப்போவீர்கள். ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள். விஷயம் தெரிந்தால் சொல்லின் பொருளைப் பாதி ஊகித்துவிடலாம். காபித் தோட்டத்தில் வளர்ந்த ஏற்காட்டு மாணவர் ஒருவருக்கு, 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்த வரலாற்றையும், பழம் பறித்துத் தோல் நீக்கிக் காயவைக்கும் முறையையும் ஆங்கிலத்தில் வாசிக்கக் கொடுத்தால், யீல்ட், ஹார்வெஸ்ட், ஷேட், ஃபெர்மென்ட் போன்ற சொற்களை அவர் அகராதியின்றியே பிடித்துக்கொள்வார். உங்களுக்கு அது வணிகப் பக்கமாக இருக்கலாம்: வெள்ளி விலை, ஜவ்வரிசி ஏலம், ஜவுளி ஏற்றுமதி.

அகராதிகளில் இரண்டு வகையும் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் ஏ. சிதம்பரநாதன் செட்டியாரின் தலைமையில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பழையதானாலும் தமிழ்ப் பொருள்களின் வளத்துக்கு இணையற்றது. அதோடு, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்றும் இருக்கட்டும். லாங்மேன் அகராதி ஏறக்குறைய 2000 எளிய சொற்களை மட்டும் வைத்தே எல்லாப் பொருளையும் விளக்குகிறது. அந்த 2000 தெரிந்த நாளிலிருந்து நீங்கள் அதைத் தைரியமாகத் திறக்கலாம்.

உங்களிடம் இருக்கும் ஆயிரம் சொற் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். வாசிப்பிலோ, வகுப்பிலோ, நடைமேடை அறிவிப்பிலோ அதிலுள்ள சொல் ஒன்று எதிர்ப்பட்டால் பட்டியலில் அதன்மேல் ஒரு கோடு போட்டு, எங்கே பார்த்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் முறை எதிர்ப்பட்டால் அதற்கு அட்டை எழுதுங்கள். ஆறு மாதத்தில் ஒருமுறைகூட எதிர்ப்படாத சொல்லை இப்போதைக்குப் படிக்காமல் விட்டுவிடலாம்.